இரு கண்டங்களுக்கிடையே ஒரு நகரம்

இஸ்தான்புல்லின் எமினோனு துறையிற் படகேறினால், ஏறத்தாழ இருபது நிமிடங்களில் ஐரோப்பாவை விட்டு ஆசியாவின் கடிகோய் கரையில் இறங்கிவிடலாம். பொஸ்பரஸ் நீரிணையின் இருமருங்கிலும் பரந்து கிடப்பது ஒரே நகரம். கிழக்கும் மேற்கும் கைகோக்கும் இடம் என்று சுற்றுலாக் கைநூல்கள் இதனைப் போற்றுகின்றன. ஆனால், இந்நகரின் வரலாறு அத்தனை இனிமையானதன்று.

கி.பி. 330இல் உரோமப் பேரரசர் கொன்ஸ்தாந்தைன் இதனைத் தமது தலைநகராக்கினார். 537இல் பேரரசர் ஜஸ்டீனியன் இங்கு ஹாகியா சோபியா தேவாலயத்தைக் கட்டி முடித்தார். இந்தக் கிறிஸ்தவ நகரை 1204இல் சூறையாடியவர்கள் மேற்கிலிருந்து வந்த சிலுவைப் போர் வீரர்களே என்பது கவனிக்கத்தக்கது. 1453இல் நகரைக் கைப்பற்றிய ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மட், தேவாலயத்தைப் பள்ளிவாசலாக்கினார். எனினும், மறு ஆண்டே கிரேக்கத் திருச்சபைக்குப் புதிய தலைவர் ஒருவரையும் அவரே நியமித்தார். 1492இல் ஸ்பெயின் விரட்டிய யூதர்களுக்கும் ஒட்டோமான் அரசு புகலிடம் அளித்தது.

துருக்கி குடியரசான பின்னர், 1934இல் அமைச்சரவைத் தீர்மானமொன்றின் மூலம் ஹாகியா சோபியா நூதனசாலையாக மாற்றப்பட்டது. 2020 ஜூலையில் நீதிமன்றம் அத்தீர்மானத்தை இரத்துச் செய்ய, அது மீண்டும் பள்ளிவாசலாயிற்று. கட்டடம் எப்படியோ தப்பிப் பிழைத்துக்கொண்டது. மனிதர்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள உடன்பட்டபோது, இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கு விதிவிலக்கு வழங்கப்பட்டது. 1927இல் அவர்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். 1955 செப்டெம்பர் 6ஆந் திகதி, தெஸ்ஸலோனிக்கியில் அதாதுர்க் பிறந்த இல்லத்தின்மீது குண்டு வீசப்பட்டதாக 'இஸ்தான்புல் எக்ஸ்பிரஸ்' என்னும் மாலைப் பத்திரிகை விசேட பதிப்பொன்றை வெளியிட்டது. உண்மையில் ஏற்பட்ட சேதம் சொற்பமே. அன்றிரவு கிரேக்கர்களின் கடைகளும் வீடுகளும் தேவாலயங்களும் தாக்கப்பட்டன. ஆர்மேனியரும் யூதரும் தப்பவில்லை. 1964இல் கிரேக்கப் பிரஜாவுரிமை கொண்டோர் நாடுகடத்தப்பட்டனர். இன்று எஞ்சியிருப்போர் சில ஆயிரம் பேர் மாத்திரமே.

பத்திரிகைத் தொழிலிற் காலங்கழித்தவன் என்ற வகையில், அந்த விசேட பதிப்பைச் சாதாரணமாகக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை. அந்த வன்முறைக்குப் பின்னால் அரசின் கரமும் இருந்ததென்பது பின்னர் வெளிப்பட்டது. ஆயினும், வீதிக்கு வந்த கூட்டத்தின் கையில் இருந்தது அச்சிட்ட செய்தி. சேதத்தின் அளவை உள்ளபடி எழுதியிருந்தால் அந்த இரவு எவ்வாறு கழிந்திருக்கும் என்பது எமது தொழிலைச் சேர்ந்தோர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்வி.

இஸ்தான்புல் செல்வோர் ஹாகியா சோபியாவைத் தவறவிடுவதில்லை. நேரமிருப்பின், பொற்கொம்புக் கழிமுகத்தோரம் உள்ள பெனர் பகுதிக்கும் சென்று வாருங்கள். கிரேக்கத் திருச்சபையின் தலைமைப்பீடம் இன்றும் அங்கேதான் இருக்கின்றது. அதனைச் சூழ வாழ்ந்த மக்களைத்தான் காணமுடியாது.