ஆன்லைனில் பழைய கார் வாங்க போறீங்களா? பார்க்கும் முன்பே பணம் கேட்டால் உஷார்!

மூன்று லட்சம் பெறும் கார் ஒன்றரை லட்சத்துக்கு கிடைக்கிறது என்று செல்போனில் படம் வந்தால் யாருக்கும் சபலம் வரத்தான் செய்யும். சீட்டு எடுத்த பணம், நகையை அடகு வைத்த பணம் என்று கையில் வைத்துக்கொண்டு கார் தேடுபவர்களை குறிவைத்தே இந்த வலை விரிக்கப்படுகிறது. காரை கண்ணால் கூட பார்க்காமல் பணத்தை அனுப்பிவிட்டு போலீஸ் நிலையத்துக்கு அலைபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ராணுவ வீரர் வேஷம்

இந்த மோசடியில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பது ராணுவ வீரர் வேஷம்தான். "நான் ஆர்மியில் இருக்கேன். திடீர்னு டிரான்ஸ்பர் வந்துடுச்சு. காரை கொண்டு போக முடியாது. அதான் வந்த விலைக்கு தர்றேன்" என்று பேச்சு தொடங்கும். சிலர் விமான நிலைய பாதுகாப்பில் இருக்கும் சி.ஐ.எஸ்.எப். வீரர் என்பார்கள்.

நம்பிக்கை வருவதற்காக அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆதார், சீருடையில் நிற்கும் படம் எல்லாம் வாட்ஸ்-அப்பில் வரிசையாக வந்து விழும். எல்லாம் வேறு யாரோ ஒருவருடையது. ஏற்கனவே ஏமாந்தவர் நம்பி அனுப்பிய ஆதாரை வைத்தே அடுத்தவரை ஏமாற்றுவதும் உண்டு. காரின் படமும் வேறு விளம்பரத்தில் சுட்டதுதான்.

"வண்டியை நேரில் பார்க்கணும்" என்றால் உடனே பதில் வரும். கார் விமான நிலைய பார்க்கிங்கில் நிற்கிறது, ராணுவ முகாமுக்குள் நிற்கிறது, வெளி ஆட்களை விட மாட்டார்கள் என்பார்கள். "கவலைப்படாதீங்க, ஆர்மி பார்சலில் வீட்டுக்கே வந்துடும்" என்று ஒரு ரசீதும் வரும். தனி ஆள் விற்ற காரை ராணுவம் ஏற்றி வந்து வாசலில் இறக்கிவிடுவது கிடையாது.

அதன்பிறகுதான் வசூல் தொடங்கும். முதலில் பதிவு கட்டணம் என்று சில ஆயிரம். அடுத்து ஜி.எஸ்.டி. அடுத்து இன்சூரன்ஸ். பிறகு டெலிவரி ஆள் என்று ஒருவன் பேசுவான். "வண்டி உங்க ஊர் எல்லைக்கு வந்துடுச்சு, லேட் பைன் கட்டினால்தான் விடுவாங்க" என்பான். ஒவ்வொரு முறையும் இது திரும்ப கிடைத்துவிடும் என்றே சொல்வார்கள். முதலில் போட்ட பத்தாயிரம் போய்விடுமே என்ற பயத்தில்தான் அடுத்த இருபதாயிரத்தையும் போடுகிறார்கள். கையில் இருந்தது தீர்ந்ததும் செல்போன் சுவிட்ச்-ஆப் ஆகிவிடும்.

சந்தேகப்பட்டு பணத்தை திருப்பி கேட்டால் ஒரு கியூ.ஆர். கோடு வரும். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடும் என்பார்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் நம் கணக்கில் இருந்து பணம் போகும், வராது.

நம்பரை வைத்தே கண்டுபிடிக்கலாம்

விளம்பரத்தில் நம்பர் பிளேட்டை மறைத்திருந்தால் முதலில் நம்பரை கேட்க வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலோ, எம்-பரிவாகன் செயலியிலோ அந்த நம்பரை போட்டால் கார் எப்போது பதிவானது, இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது, கடன் நிலுவை உண்டா என்பது தெரியும். ஓனர் பெயரில் சில எழுத்துக்களை மறைத்துதான் காட்டும். ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டு பார்க்க அது போதும். செயலியை பிளே ஸ்டோரில்தான் எடுக்க வேண்டும். அதே பெயரில் வாட்ஸ்-அப்பில் வரும் ஏ.பி.கே. பைலை தொட்டால் வங்கி கணக்கே காலியாகிவிடலாம்.

நம்பர் சரியாக இருப்பதால் மட்டும் கார் அவனுடையது ஆகிவிடாது. வேறொருவரின் காரில் இருக்கும் நம்பரை அதே மாடல், அதே கலர் திருட்டு காரில் மாட்டிவிட்டால் செயலியில் எல்லாமே சரியாகத்தான் காட்டும். அதனால் நேரில் போகும்போது பானெட்டை திறந்து சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக சரிபார்க்க வேண்டும். எண்கள் அடித்த இடத்தில் சுரண்டியிருந்தாலோ, அங்கு மட்டும் புது பெயிண்ட் இருந்தாலோ பேரமே பேசாமல் திரும்பிவிடலாம். ஆர்.சி.யில் ஒரு பெயர், பணம் அனுப்பும்போது செல்போன் திரையில் வரும் பெயர் வேறு என்றாலும் அப்படித்தான். "என் மச்சான் அக்கவுண்ட்" என்ற பதிலை நம்ப வேண்டாம்.

டியூ பாக்கி

உள்ளூரில் விற்பவர்களிடமும் வில்லங்கம் உண்டு. டியூ முடியாத காரை விற்றுவிட்டு ஆள் கம்பி நீட்டிவிட்டால், பைனான்ஸ்காரர்கள் வந்து காரை தூக்குவது வாங்கியவர் வீட்டு வாசலில் இருந்துதான். கடன் முடிந்ததற்கான வங்கி என்.ஓ.சி.யும், 35-ம் நம்பர் படிவமும் வேண்டும். என்.ஓ.சி.யை கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் தயாரித்துவிடலாம். சம்பந்தப்பட்ட வங்கி கிளைக்கே போய் விசாரிப்பது நல்லது.

வெள்ளத்தில் மூழ்கிய கார் இன்னொரு தலைவலி. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் நெல்லை, தூத்துக்குடியிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் கிடந்தன. மேலே பாலிஷ் போட்டு பளபளப்பாக்கினாலும் சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்து பார்த்தால் சேற்று கறை தெரிந்துவிடும். மிதியடியை தூக்கி, சீட்டுக்கு அடியில் உள்ள இரும்பில் துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மீட்டரை குறைத்து காட்டுவது சர்வ சாதாரணம். முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற காரில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், ஸ்டீயரிங் பளபளத்தால் அது பொய். டி-போர்டாக ஓட்டிவிட்டு ஓன்-போர்டாக மாற்றிய கார்களில் இது அதிகம். டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது. தெரிந்த மெக்கானிக்கை கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு கொடுக்கும் சில நூறு ரூபாய் வீண் போகாது.

பிடித்துவிட்டால் 29, 30-ம் நம்பர் படிவங்களில் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் மாற்ற 14 நாள்தான் அவகாசம். வெளிமாநில கார் என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. இல்லாமல் இங்கு பதிவு நடக்காது. இங்கு கட்ட வேண்டிய சாலை வரியையும் சேர்த்து கணக்கு போட்டால் டெல்லி கார், புதுச்சேரி கார் விலையெல்லாம் அவ்வளவு மலிவாக தெரியாது.

பணம் போய்விட்டால்

பணத்தை அனுப்பி ஏமாந்தது தெரிந்தால் அடுத்த நிமிடமே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணில் சொல்ல வேண்டும். பணம் மோசடி ஆசாமியின் கணக்கில் இருந்து எடுக்கப்படுவதற்குள் தகவல் போனால் முடக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்களே என்று இரண்டு நாள் மறைத்து வைப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைந்துவிடுகிறது. பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், வாட்ஸ்-அப் பேச்சு, விளம்பரத்தின் படம் எதையும் அழிக்கக்கூடாது. ஏமாந்த பிறகு கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடுபவர்களுக்காகவே இன்னொரு கும்பல் போலி நம்பர்களை போட்டு வைத்திருக்கிறது. பணத்தை மீட்டு தருகிறேன் என்று அவர்களும் கட்டணம்தான் கேட்பார்கள். 1930-ல் புகார் சொல்ல கட்டணம் எதுவும் கிடையாது.