இணைப்புநிலை வழித்தேர்வு

வலையமைப்பின் முழு வரைபடத்தையும் ஒவ்வொரு ரவுட்டரும் கையில் வைத்துக்கொண்டு, எந்த இடத்துக்கு எது குறுகிய வழி என்று தானே கணக்கிடும் முறை. இன்று ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ் ஆகிய நெறிமுறைகள் இவ்வாறு இயங்குகின்றன.

கணக்கு, வலையமைப்புகளுக்கு மூத்தது. டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாமின் ஒரு காபிக் கடையில் அமர்ந்து, தாளோ பேனாவோ இல்லாமல் சுமார் 20 நிமிடங்களில் அதை யோசித்து முடித்தார்; 1959-இல் வெளியிட்டார். அ, ஆ, இ என மூன்று முனைகள் இருப்பதாகக் கொள்வோம். அ-விலிருந்து ஆ-வுக்கு நேர் இணைப்பின் செலவு 10. இ-க்கு 3, இ-யிலிருந்து ஆ-வுக்கு 4. முதலில் மிக அருகிலுள்ள இ உறுதியாகிறது; அதன் வழியே பார்த்தால் ஆ-வுக்கு 7 தான், எனவே 10 தள்ளுபடி. மீதமுள்ளவற்றில் அருகிலிருப்பதை அடுத்து எடுத்து, எல்லா முனைகளும் தீரும்வரை இதையே செய்ய வேண்டும்.

இணையத்தின் முன்னோடியாக 1969-இல் பிறந்த ஆர்ப்பாநெட் முதலில் இப்படிக் கணக்கிடவில்லை. அண்டைக் கணு சொன்ன தூரத்தை நம்பி வழி வகுத்தது. ஓர் இணைப்பு அறுந்தால் செய்தி வாய்வழியாகப் பரவுவதுபோல் மெதுவாகப் பரவியது. அதற்குள் தரவுப் பொட்டலங்கள் வட்டமடித்தன. பிபிஎன் நிறுவனத்தின் ஜான் மெக்குவிலன், ஐரா ரிச்சர், எரிக் ரோசன் ஆகியோர் 1979-இல் இதை மாற்றினார்கள். ஒவ்வொரு கணுவும் தன் இணைப்புகளின் தாமதத்தை அளந்து, வரிசை எண்ணிட்டு, எல்லோருக்கும் பரப்பியது.

உண்மையில் கடினம் கணக்கில் இல்லை, எல்லோரிடமும் ஒரே வரைபடம் இருக்கச் செய்வதில்தான். 1980 அக்டோபர் 27 அதைக் காட்டியது. வன்பொருள் கோளாறால் பிட்டுகள் உதிர, ஒரே கணுவின் பெயரில் 44, 40, 8 என்ற எண்களோடு மூன்று செய்திகள் உலவின. வரிசை எண் 6 பிட் மட்டுமே. 63-க்குப் பின் மறுபடி 0. அந்த வட்டத்தில் 40-ஐவிட 44 புதிது, 44-ஐவிட 8 புதிது, 8-ஐவிட 40 புதிது! ஒவ்வொன்றும் மற்றதை விரட்ட, கணுக்கள் ஓயாமல் அவற்றையே பரப்பின. வலையமைப்பு பல மணி நேரம் முடங்கியது. அந்தக் கணுவின் செய்திகளை ஏற்காதபடி மென்பொருளை ஒட்டுப்போட்டே மீட்டார்கள். நடந்ததை ரோசன் 1981-இல் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார். பொறியாளர் ஒருவர் செய்யக்கூடிய பேருதவி அது.

தவறான செய்தி தானே மடிந்துபோகும் வழியை ரேடியா பெர்ல்மன் 1983-இல் வகுத்தார். ஜான் மோய் எழுதிய ஓஎஸ்பிஎஃப் வரையறை 1989-இல் வந்தது. இரண்டாம் பதிப்பின் 1998 வடிவமே இன்றும் அடிப்படை. அதில் ஒவ்வொரு செய்திக்கும் ஆயுள் 3600 வினாடி. அரை மணிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வரிசை எண் 32 பிட், வட்டமாகச் சுற்றாது. 5 வினாடிக்கு ஒன்று வீதம் ஏறினாலும் தீர 600 ஆண்டுகளுக்கு மேலாகும். அப்படியும் உச்சத்தைத் தொட்டால், பழைய செய்தியை எல்லா ரவுட்டர்களிலிருந்தும் நீக்கிய பிறகே முதல் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது.