அழுக்குப் பெட்டியின் பயணம்

மகள் பல்கலைக்கழக விடுதிக்குப் போவதற்குச் சில வாரம் முன்பு ஒரு படிவம் வந்தது. கட்டணம் கட்டினால் வாரத்துக்கு ஒருமுறை அழுக்கு உடுப்புப் பையை எடுத்துப்போய்த் தோய்த்து மடித்துத் தருவார்களாம். "அந்த நேரத்தில படிக்கலாம் அப்பா" என்றாள் மகள். "தன்ர உடுப்பைத் தோய்க்கத் தெரியாத படிப்பு என்ன படிப்பு?" என்றார் என் அம்மா. இரண்டுமே பழைய வாதங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு வயது.

1837இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் சவுத் ஹாட்லியில் மேரி லயன் என்ற ஆசிரியை மவுண்ட் ஹோல்யோக் பெண்கள் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். வசதியில்லாத குடும்பத்துப் பெண்களும் படிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 60 டொலர்தான். சமையல், துப்புரவு, சலவை எல்லாவற்றையும் மாணவிகளே பங்கிட்டுச் செய்ததால்தான் அந்தக் கட்டணம் கட்டுப்படியானது. வீட்டுவேலை பழக்குவது தம் வேலையல்ல, அது தாய்மாரின் பொறுப்பு என்று லயன் தெளிவாகவே சொன்னார். அங்கே சலவை ஒழுக்கப் பாடமாக இருக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகத்தான் இருந்தது.

ஆண்கள் படித்த கல்லூரிகளில் இந்தக் கணக்கு வேறு. அங்கே ஊரிலிருந்த ஏழைப் பெண்கள் கூலிக்குத் தோய்த்தார்கள். பிறகு சீனர்களின் சலவைக் கடைகள் வந்தன. வேறு பல தொழில்களில் நுழைய விடாமல் தடுக்கப்பட்டவர்களுக்குத் திறந்திருந்த சில கதவுகளில் சலவையும் ஒன்று. அந்தக் கதவையும் அடைக்கப் பார்த்தார்கள். மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த அனுமதி வேண்டும் என்று 1880இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் சட்டம் போட்டது. விண்ணப்பித்த ஏறத்தாழ இருநூறு சீனர்களில் ஒருவருக்கும் அனுமதி இல்லை. மற்றவர்களுக்கோ ஒருவர் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. 1886இல் 'யிக் வோ' வழக்கில் இது பாரபட்சம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டம் எழுத்தில் பொதுவாக இருந்தாலும் அதை நடைமுறைப்படுத்துவதில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற கோட்பாட்டுக்கு இன்றும் இந்த வழக்கையே காட்டுகிறார்கள். சலவைத் தொழிலாளர் பெற்றுத் தந்த உரிமை அது.

1913 ஜனவரி 1ஆம் திகதி அமெரிக்கத் தபால் துறை பொதிச் சேவையைத் தொடங்கியதும் மாணவர்களுக்கு இன்னொரு வழி பிறந்தது. வார் கட்டிய ஒரு சலவைப் பெட்டி. அதன் மேல் ஒரு முகவரி அட்டை. ஒரு பக்கம் வீட்டு முகவரி, மறுபக்கம் கல்லூரி முகவரி. அழுக்கு உடுப்பை அடைத்து அனுப்பினால், சில நாளில் தோய்த்து அழுத்தித் திரும்பி வரும். மடித்த சட்டைகளுக்கு நடுவே அம்மா சுட்ட பிஸ்கட்டும் இருக்கும். சுமார் அரை நூற்றாண்டு இந்தப் பெட்டிகள் போய்வந்துகொண்டிருந்தன. சலவைக் கடையை விட இது மலிவு என்று மாணவர்கள் கணக்குப் பார்த்தார்கள். தபால் செலவு மட்டும்தானே! அம்மாவின் முதுகுவலிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பின்னர் காசு போட்டால் ஓடும் இயந்திரங்கள் விடுதிகளின் நிலவறைகளுக்கு வந்தன. பெட்டிகள் மறைந்தன.

இதை வாசித்தபோது எனக்கு என் யாழ்ப்பாணத்து விடுதி வாழ்க்கை நினைவுக்கு வந்தது. நானும் வார இறுதியில் ஒரு பை அழுக்கு உடுப்போடுதான் வீட்டுக்குப் போவேன். அதைத் தோய்த்தது அம்மா அல்ல, கட்டாடி. உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்து வெளுத்துக் கொண்டுவருவார். எந்தச் சட்டை எந்த வீட்டுடையது என்பதற்குச் சேங்கொட்டைச் சாற்றில் அழியாத குறி போட்டிருப்பார். கூலியாக அறுவடைக் காலத்தில் நெல், நல்லது கெட்டதுக்குச் சாப்பாடு. சாமத்தியச் சடங்கிலும் செத்த வீட்டிலும் வெள்ளை கட்ட அவர்தான் வரவேண்டும். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. அது தொழில் அல்ல, குடிமை. எங்கள் சட்டை பள்ளிக்கூடத்தில் பளிச்சென்று இருந்தது. அவருடைய முன்னோரின் பிள்ளைகளோ பல பள்ளிக்கூடங்களில் வாங்கில் இருக்க விடாமல் தரையில் இருத்தப்பட்டவர்கள்.

அதனால் காசு கொடுத்துத் தோய்ப்பிப்பதை என்னால் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியவில்லை. பற்றுச்சீட்டு உள்ள இடத்தில் விலை உண்டு, வேலை நேரம் உண்டு, விட்டுப்போகும் உரிமை உண்டு. இலவசமாகத் தோய்ந்த உடுப்புகளில்தான் கூடுதல் கடன் ஒட்டியிருக்கிறது. "முதலில் உன் கையால் தோய்க்கப் பழகு. பிறகு விருப்பமென்றால் கட்டணம் கட்டு. பையை எடுக்க வருகிறவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்" என்று மகளிடம் சொன்னேன்.

"உங்கட கட்டாடியின்ர பெயர் என்ன அப்பா?" என்றாள்.

எங்கள் வீட்டு உடுப்பு ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டேன். கனநேரம் யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை.