ராஜாவை உருக்கிய வீடு

1776, ஜூலை 9. நியூயார்க்கில் முகாமிட்டிருந்த ஜார்ஜ் வாஷிங்டனின் படைக்குச் சுதந்தரப் பிரகடனத்தை வாசித்துக் காட்டினார்கள். கேட்ட கையோடு ஒரு கூட்டம் பௌலிங் கிரீனுக்கு ஓடியது. அங்கே குதிரைமேல் உட்கார்ந்திருந்தார் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ். சிலையாகத்தான். 1770-ல் ஊரே கூடித் திறந்துவைத்த சிலை. தங்கப்பூச்சைச் சுரண்டினால் உள்ளே காரீயம். கயிறு கட்டி இழுத்தார்கள். விழுந்தது.

ஒழுங்குகெட்ட காரியம் என்று மறுநாள் வாஷிங்டன் தன் ஆட்களைக் கண்டித்தார். கண்டித்ததோடு சரி. துப்பாக்கிக் குண்டுக்கு ஈயம் தேடி அல்லாடிக்கொண்டிருந்த படை அது. கிடைத்த ஈயத்தை யார் விடுவார்கள்?

துண்டு துண்டாக்கி கனெக்டிகட்டில் இருக்கும் லிட்ச்ஃபீல்ட் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே ஆலிவர் வால்காட்டின் வீடு. பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். வீட்டிலேயே பட்டறை போட்டாயிற்று. வேலை பார்த்தவர்கள் பெண்களும் குழந்தைகளும்.

வால்காட் ஒரு கணக்கு எழுதி வைத்தார். பி.காம். படித்த பாவத்துக்கு எனக்கு இதெல்லாம் தேனாக இனிக்கும். ரூத் மார்வின், 11,592 தோட்டா. வால்காட்டின் மகள் மேரி ஆன், 10,790. இன்னொரு மகள் லாரா, 8,378. பையன் ஃபிரெடரிக், 936. மேரி ஆனுக்கு அப்போது வயது 11. பையனுக்குப் பத்துகூட ஆகவில்லை. இன்னும் சிலர் செய்தது, ஊர்க்காவல் படைக்குக் கொடுத்த 50, ஒரு ரெஜிமென்ட்டுக்குக் கொடுத்த 300 எல்லாம் சேர்த்து மொத்தம் 42,088. கூட்டிப் பார்த்தேன். டாலி ஆகிறது!

ஆனால் நோட்டில் இருப்பது எண்ணிக்கை மட்டும்தான். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கிற வேலை எந்தப் பத்தியிலும் வராது.

குண்டு வார்க்கும் அச்சு, பார்க்கக் குறடு மாதிரி இருக்கும். இரண்டு பாதி. மூடினால் நடுவே ஓர் உருண்டைப் பள்ளம். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். கரண்டியில் மொண்டு ஊற்றி, இறுகியதும் திறந்து தட்டினால் குண்டு. கேட்க சுலபம். தோசைக்கல் கதைதான் இங்கேயும். அச்சு சூடேறாத வரை முதல் சில குண்டுகள் சுருங்கிச் சுருங்கித்தான் விழும். திரும்பச் சட்டியில் போட வேண்டியதுதான். ஒரே வித்தியாசம், தோசைக்கு எண்ணெய் வேண்டும், இதற்கு ஆகாது. துருப்பிடிக்காமல் இருக்கத் தடவி வைத்த எண்ணெய் துளி மிச்சம் இருந்தாலும் குண்டின் மேல் சுருக்கம் விழும். சுத்தமாகத் துடைக்கணும். பிறகு மெழுகுவத்திச் சுடரில் காட்டி உள்ளே மெல்லிசாகக் கரி படியவிடுவது பழைய நாள் வழக்கம். குண்டு ஒட்டாமல் கழன்று வரும். ஈரம் இருந்தால் இன்னும் மோசம். கொதிக்கும் ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டினால் ஆவியாகி வெடித்து முகத்தில் தெறிக்கும். பக்கத்தில் நின்றது 11 வயசுப் பெண்.

பள்ளம் சொரசொரப்பாக இருந்தால் தேய்க்க வேண்டும். அதே அச்சில் ஒரு குண்டு வார்த்து, அதில் பிடிக்க ஒரு காம்பு வைத்து, எண்ணெயில் குழைத்த குருந்தப் பொடியைத் தடவி, அச்சை மூடி மெதுவாகச் சுழற்றுவார்கள். வழவழவென்று ஆகும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பள்ளம் ஒரு மயிரிழை பெரிசாகும். மறுபடி சின்னதாக்க வழியே கிடையாது. பெரிசானால் என்ன? அது வாய் வழியாகக் குண்டு போட்டு இடிக்கிற துப்பாக்கி. பத்து முறை சுட்டதும் குழாய்க்குள் மருந்துக்கசடு அப்பிக்கொள்ளும். தடித்த குண்டு பாதி வழியில் சிக்கும். எதிரி ஓடி வருகிற நேரத்தில் துப்பாக்கி வெறும் தடி. ரொம்பச் சின்னதாக இருந்தாலோ குழாய்க்குள் லொடலொடத்து எங்கோ போகும். லிட்ச்ஃபீல்ட் சமையலறையில் கொஞ்சம் அசந்தால் எங்கோ ஒரு சிப்பாயின் உயிர்.

சரி, கணக்குக்கு வருவோம். சிலையின் எடை சுமார் 4,000 பவுண்டு என்கிறது அந்நாள் குறிப்பு ஒன்று. குண்டு ஒன்று ஓர் அவுன்ஸ் என்று வைத்தால், 42,088 குண்டுக்கு 2,630 பவுண்டு. மீதி ஆயிரத்துச் சொச்சம் எங்கே?

கொஞ்சம் வழியிலேயே போயிற்று. வில்டன் என்ற ஊரில் ராஜ விசுவாசிகள் சில துண்டுகளைத் தூக்கிப் பதுக்கிவிட்டார்கள். 1871-ல் அங்கே சதுப்பு நிலத்திலிருந்து குதிரையின் வால் உள்படச் சில பாகங்கள் கிடைத்தன. வால் இப்போது நியூயார்க் மியூசியம் ஒன்றில்.

ராஜாவின் தலை? அதைக் கம்பத்தில் குத்தி வைக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஆள் வைத்துக் கடத்தி லண்டனுக்கு அனுப்பிவிட்டார். மாசசூஸெட்ஸின் முன்னாள் கவர்னர் தாமஸ் ஹட்சின்சன் 1777-ல் டவுன்ஷெண்ட் பிரபுவின் வீட்டுக்குப் போனபோது, சீமாட்டி சோபாவில் மூடி வைத்திருந்த ஒன்றைத் திறந்து காட்டினார். மூக்கு சிதைந்த தலை. தங்கப்பூச்சு மட்டும் அப்படியே இருந்ததாக டைரியில் எழுதி வைத்தார் ஹட்சின்சன்.