திருச்சி பாலக்கரையில இருந்து ஒரு நாள் மலையேற்றம்: கேங்கா கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

வாட்ஸ்அப் குரூப்ல 'இந்த ஞாயிறு கொல்லிமலை போலாமா?'னு ஒரு மெசேஜ் வந்தா போதும், பத்து பேர் ரெடி. ஆனா எந்தப் பாதை, யாரிடம் அனுமதி, எத்தனை மணிக்குத் திரும்புறோம்? இந்த மூணு கேள்விக்கும் பதில் இல்லாமல் கிளம்புவது ஆபத்து.

குரங்கணி சொன்ன பாடம்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில், குழுவாக மலையேறச் சென்றவர்கள் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் சென்ற பாதைக்கு அனுமதி பெறவில்லை என அப்போது அரசு தெரிவித்தது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென தனி விதிமுறைகள் வந்தன.

அனுமதி எங்கே வாங்கணும்?

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 பாதைகள். எளிது, மிதமானது, கடினம் என மூன்று பிரிவுகள். ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை, தீ அபாயம் காரணமாக பாதைகள் மூடப்படுவது வழக்கம். பட்டியலில் இல்லாத காட்டுப்பாதை என்றால், அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் கால் வைக்கக் கூடாது.

திருச்சிக்குப் பக்கத்தில் எங்கே?

* பச்சைமலை: துறையூர் வழியாகப் போகணும். மேலே வரை ரோடு இருப்பதால், யாருக்காவது முடியவில்லை என்றால் வண்டியில் இறக்கிவிடலாம்.
* புளியஞ்சோலை: கொல்லிமலை அடிவாரம். இங்கிருந்து மேலே ஏறும் பாதை காட்டுக்குள் போகிறது, அனுமதி அவசியம்.
* ஆகாயகங்கை அருவி, கொல்லிமலை: 1,000-க்கும் மேற்பட்ட படிகள். முதலில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். களைத்த பிறகுதான் கஷ்டமான பாதி வரும். அதனால் பாதித் தண்ணீரை மிச்சம் வைத்து இறங்குங்க.

நேரத்தை எப்படி கணக்குப் போடுவது?

1892-ல் ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கி.மீ.க்கு 1 மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி 600 மீட்டர் ஏற்றத்துடன் 8 கி.மீ. நடக்க சுமார் இரண்டரை மணி நேரம். இது பழகியவர்களுக்கான கணக்கு, ஓய்வு சேராது. புதியவர்கள் இருந்தால் 4 முதல் 5 மணி நேரம் வையுங்க.

காலை 8 மணிக்கு ஏறத் தொடங்கினால், நண்பகல் 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிடணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணுங்க. 'உச்சி இதோ பக்கத்துலதான்'னு யார் சொன்னாலும் சரி. மரங்கள் அடர்ந்த இடத்தில் சூரியன் மறையும் முன்பே இருட்டிவிடும்.

குழுவில் யார் எங்கே நடக்கணும்?

* பாதை தெரிந்தவர் முன்னால், அனுபவசாலி ஒருவர் கடைசியில். இடையில் யாரும் தனியாகப் பிரியக் கூடாது.
* வேகம், மெதுவாக நடப்பவரின் வேகம்தான்.
* ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை எண்ணுங்க.
* ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை இருப்பவர்கள் முன்பே சொல்லிடணும். மருந்தும் கையில் இருக்கணும்.

பையில் என்ன?

ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட், கடலை மிட்டாய், முதலுதவிப் பொருட்கள், டார்ச், விசில், பவர் பேங்க். பிடிமானம் உள்ள ஷூ, பருத்தி உடை. நைலான் உடை தீயில் உருகி தோலில் ஒட்டும்.

தீ அல்லது வெள்ளம் வந்தால்?

தீ சரிவில் மேல்நோக்கி வேகமாகப் பரவும். அதனால் மேலே ஓடாமல், புல் இல்லாத பாறைப் பகுதிக்குப் பக்கவாட்டில் நகருங்க. ஓடையில் தண்ணீர் கலங்கினாலோ மட்டம் உயர்ந்தாலோ உடனே கரையேறுங்க. மேலே எங்கோ மழை பெய்திருக்கலாம்.

அவசர எண்கள்: 108, 112. பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் பாதை, குழுவில் இருப்பவர்களின் பெயர், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்க. 'இத்தனை மணிக்குள்ள போன் வரலைன்னா தகவல் சொல்லுங்க'னு சொல்லிட்டுக் கிளம்புங்க.