மனச்சிதைவு நோய்

மனச்சிதைவு, சிந்தனையையும் புலனறிவையும் உணர்வையும் குலைக்கும் தீவிர மனநோய். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும். ஆளில்லாமல் குரல் கேட்பது, பிறர் தனக்குத் தீங்கு சூழ்வதாக அசைக்க முடியாதபடி நம்புவது, கோவையின்றிப் பேசுவது ஆகியவை ஊர் கண்ணில் படும் அறிகுறிகள். பேச்சு குறைந்து, குளிக்காமல், வேலையில் நாட்டமின்றி ஒடுங்குவதும் நோயின் அறிகுறியே. ஆனால் வீட்டார் அதைச் சோம்பல் என்று திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். செய்வினையோ பெற்றோரின் வளர்ப்போ இதற்குக் காரணமல்ல. மரபின் பங்கு பெரிது. எனினும் ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு பாதிக்கும் குறைவே. பிரசவச் சிக்கல்கள், இளவயதுக் கஞ்சாப் பழக்கம் போன்றவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

1952இல் பாரிசில் குளோர்புரோமசின் பயன்பாட்டுக்கு வந்தபின் சிகிச்சை மாறியது. மூளையில் டோபமைனின் செயலைத் தணிக்கும் இவ்வகை மருந்துகள் குரல்களையும் சந்தேகங்களையும் அடக்குகின்றன. பிற மருந்துகள் பலிக்காதபோது, தொடர் இரத்தப் பரிசோதனையுடன் குளோசபின் தரப்படுகிறது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் அதிகம். ஆனால் ஒடுங்கிய மனிதரை மருந்து மட்டும் வேலைக்கும் உறவுக்கும் மீட்பதில்லை. ஆகவே சிகிச்சை மருத்துவமனை வாசலோடு நிற்கக் கூடாது. ஆனால் அந்த வாசலே பலருக்குத் தொலைவு. எடுத்துக்காட்டாக, ஆரோவில் முதல் மரக்காணம் வரையிலான கடலோரத்தில் உயர்சிகிச்சை என்றால் புதுச்சேரி ஜிப்மர், அல்லது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. உப்பளத்தில் தினக்கூலி வாங்கும் குடும்பம் அங்கே போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தில் 282 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களின் கவனிப்பும் மருத்துவமனைச் சிகிச்சையும் சேர்ந்தபோது, அறிகுறிகளும் செயலிழப்பும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்த இடம் தமிழகக் கிராமப்புறம்.

கோயிலில் தங்கியே குணமாகிறார்களே என்பர். திண்டுக்கல் பகுதிக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரிடம் அறிகுறிகள் சுமார் 19 விழுக்காடு குறைந்ததை 2002இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது உண்மையே. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. அச்சுறுத்தாத சூழல் உதவும் என்பதற்கு அது சான்றாகலாம், மருந்து வேண்டாம் என்பதற்கு அல்ல. குடும்பமே போதும் என்பதும் நிற்காது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகம் ஒன்று எரிந்தபோது, சங்கிலியில் கட்டுண்ட 28 பேர் மாண்டனர். குடும்பங்களின் கை ஓய்ந்த இடத்தில் வேறு துணை இல்லாததன் விளைவு அது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. சங்கிலியை நாடும் நிலையே வராதிருக்க, மாத்திரை தீருமுன் வீட்டுக் கதவைத் தட்டும் பணியாளர் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வேண்டும்.