ஒலியும் ஒளியும் தந்தோர்



ஒரு தொழிலில் நெடுங்காலம் நின்று உழைத்தோருக்குச் சிறப்புச் செய்யும் வழக்கம் நம் நாட்டில் மிகத் தொன்மையானது. கோயில் தொண்டு புரிந்தோருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். புலவர்களுக்குப் பொற்கிழி ஈந்தார்கள். எம்போன்ற ஆசிரியர்களுக்கோ ஓய்வு பெறும் நாளில் ஒரு பொன்னாடையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கிடைக்கின்றன. மணி பார்த்து ஓட வேண்டிய தேவை நீங்கிய அன்றைக்கே கடிகாரத்தைத் தருவதன் நயம் எனக்கு இன்றளவும் விளங்கவில்லை. அது நிற்க.

ஒலிபரப்பும் ஒளிபரப்பும் வயதில் இளைய தொழில்கள். நம் மாநிலத்தில் முன்னதற்கு நூறாண்டும் பின்னதற்கு ஐம்பதாண்டும் அண்மையில்தான் நிறைந்தன. இத்தொழில்களில் நரைத்து ஓய்ந்தவர்களை எங்ஙனம் போற்றுவது என்பதற்கு நம்மிடம் இன்னும் முறையான மரபு ஏற்படவில்லை. குரலையும் முகத்தையும் போற்றுகிறோம். அக்குரலையும் முகத்தையும் நம் ஊர் வரையில் கொண்டு வந்து சேர்த்தவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய எங்கள் இரண்டு ஊர்களிலிருந்து பார்க்கும்போது இந்த வரலாறு எவ்வாறு தோன்றுகிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

சென்னையில் 1924ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டி என்பாரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து மாகாண வானொலிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஊதியம் கருதாத ஆர்வலர்களின் முயற்சி அது. மூன்றாண்டுகளில், 1927இல், பணமுடையால் நின்றுபோயிற்று. கழகத்தின் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை நகராட்சி மன்றம் பெற்றுக்கொண்டு, 1930 ஏப்ரல் முதல் நாள்தோறும் ஒலிபரப்பி வந்தது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்தார்கள். மக்கள் மணலில் அமர்ந்து பாட்டுக் கேட்டார்கள். 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு மே 16ஆம் நாள் திருச்சி நிலையமும் தோன்றின. கிருஷ்ணசுவாமி செட்டியின் பெயரை இன்று எத்தனை மாணவர்கள் அறிவார்கள்? நான் பணியாற்றிய காலத்தில் வகுப்பறைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு கைகூட உயர்ந்ததில்லை.

எங்கள் பகுதிக்கு அணித்தான நிலையமாகிய திருநெல்வேலி வானொலி 1963 டிசம்பர் முதல் நாள் பிறந்தது. அப்போது நான் சிறு குழந்தை. என் இளமையில் எங்கள் ஊர்க் காற்றில் இரண்டு நாட்டுக் குரல்கள் கலந்திருந்தன. ஒன்று திருநெல்வேலி, மற்றொன்று இலங்கை. 1952இல் மத்திய அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை விலக்கினார். மக்கள் விரும்பியதைக் கடல் கடந்து இலங்கை வானொலி அளித்தது. 1957இல் விவித பாரதி தோன்றிய பின்னும் தெற்கே இலங்கையின் செல்வாக்குக் குறையவில்லை. ராஜபாளையத்து நூற்பாலைகளில் வேலை முடிந்து வரும் தொழிலாளர்கள் தேநீர்க் கடை வாசலில் நின்று கே. எஸ். ராஜாவின் மின்னல் வேகப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். பி. எச். அப்துல் ஹமீதின் தெளிந்த தமிழை எங்கள் தமிழாசிரியர் ஒருவர் வகுப்பிலேயே எடுத்துக்காட்டாகச் சொல்வார். முன்னவர் 1994இல் கொழும்பில் கொலையுண்டார். ஒரு தலைமுறையைச் சிரிக்க வைத்த குரல் அவ்வாறு முடிந்தது என்பதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இங்கே சோ. சிவபாதசுந்தரத்தைக் குறிப்பிடாமல் செல்லலாகாது. இலங்கை வானொலியிலும் பின்னர் லண்டன் பி.பி.சி.யிலும் பணியாற்றிய அறிஞர் அவர். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. ‘ஒலிபரப்புக் கலை’ என்று ஒரு நூல் எழுதி, மைக்கின்முன் பேசுவது மேடைப் பேச்சினின்றும் வேறான தனிக்கலை என்பதைத் தமிழில் நிலைநாட்டினார். தம் தொழிலைத் தாமே எழுதி வைத்தமையால் அவர் பெயர் நின்றது. எழுதி வைக்காதவர்களின் நிலை யாது?

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். மார்கழி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சந்நிதித் தெருக்கள் விடியுமுன்பே விழித்துக்கொள்ளும். அதே வேளையில் வானொலியிலும் திருப்பாவை ஒலிக்கும். பாடுகின்ற இசைவாணர் யார் என்று வீட்டுப் பெண்மணிகள் அனைவரும் அறிவார்கள். ஆனால் அந்தப் பாடல் ஒலிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஒரு பொறியாளர் ஒலிபரப்பியைச் சூடேற்றி நிறுத்தியிருக்கிறார். ஓர் அறிவிப்பாளர் பனியில் மிதிவண்டியேறி நிலையத்துக்கு வந்திருக்கிறார். ஒருவர் இசைத்தட்டை நூலகத்திலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். கல்லூரி மாணவனாக ‘இளைய பாரதம்’ நிகழ்ச்சியில் பேசச் சென்றபோதுதான் நான் இதையெல்லாம் கண்ணால் கண்டேன். என் பேச்சு ஐந்து நிமிடம். அதற்காக என்னோடு நால்வர் உழைத்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் இருந்த முதியவர் ஒருவர், நான் தாளைப் புரட்டும் ஓசை மைக்கில் விழாதபடி தாள்களைத் தனித்தனியே பிரித்து வைக்கச் சொல்லிக் கொடுத்தார். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அக்காலத்தில் யாரும் கேட்பதில்லை.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். தில்லியில் 1959 செப்டம்பர் 15ஆம் நாள் சோதனை முறையில் தொடங்கிய தொலைக்காட்சி, பம்பாய்க்கு 1972இல் வந்தது. சென்னையை 1975 ஆகஸ்டு 15ஆம் நாள்தான் எட்டியது. எங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ ஒளியைப் போல நேர்கோட்டில் செல்வன. பூமியின் வளைவைத் தாண்டி அவை வெகுதொலைவு செல்லமாட்டா. சென்னைக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே நேர்கோட்டிலேயே 500 கிலோமீட்டர் இருக்கிறது. ஆகவே சென்னை நிலையத்தைப் பற்றி நாங்கள் வாரப் பத்திரிகைகளில் படித்தோமேயன்றிப் பார்த்தோமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. அந்நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகலையின் உச்சியில் அதன் அலைபரப்பி இருந்தது. காற்றின் நிலை வாய்ப்பாக அமைந்த இரவுகளில் அதன் படம் கடல் தாண்டித் தென் தமிழ்நாட்டு வீடுகளில் வந்து விழுந்தது. மாடிகளில் நெடிய இரும்புக் குழாய்களை நட்டு, அவற்றின் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பினார்கள். ஒருவர் மேலே நின்று திருப்ப, மற்றொருவர் கீழேயிருந்து “வந்துவிட்டது, வந்துவிட்டது, போய்விட்டது” என்று குரல் கொடுப்பார். சொந்த மாநிலத்தின் படத்தைக் காணுமுன்னே அயல்நாட்டுப் படத்தைக் கண்டவர்கள் நாங்கள்.

1980களில் கொடைக்கானல் மலையில் உயர்திறன் அலைபரப்பி நிறுவப்பட்டதும் நிலைமை மாறிற்று. எங்கள் ஊர்களிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் 80 முதல் 90 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் அலைக்கு அது பெருந்தொலைவன்று. இப்போது ஆண்டெனாக்கள் எல்லாம் வடக்கே திரும்பின. மலையடிவாரத் தெருக்கள் சிலவற்றில் அலை மலையில் மோதித் திரும்பியதால் படம் இரட்டையாகத் தெரியும். அதையும் பொறுத்துக்கொண்டு பார்த்தோம். வெள்ளிக்கிழமை இரவு ‘ஒலியும் ஒளியும்’ நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடிப் போகும். வேளாண்மைக்கு ‘வயலும் வாழ்வும்’, சிறுவர்க்குக் ‘கண்மணிப் பூங்கா’, நேயர் கடிதங்களுக்கு ‘எதிரொலி’ என்று நிகழ்ச்சிகளின் பெயர்களே நல்ல தமிழாக அமைந்திருந்தன. ஷோபனா ரவி, வரதராஜன், சந்தியா ராஜகோபால் ஆகியோர் செய்தி வாசிக்கும்போது ழகர லகர வேறுபாடு பிசகாது. கவிஞர் ஈரோடு தமிழன்பனும் அங்குச் செய்தி வாசித்தவரே. என் வகுப்பில் உச்சரிப்புத் தடுமாறும் பிள்ளைகளிடம் இலக்கண நூற்பாவைச் சொல்வதைக் காட்டிலும், “இன்றிரவு செய்தியைக் கேட்டுவிட்டு வா” என்று சொல்வது பயனளித்தது.

கொடைக்கானல் மலையில் பணியாற்றியவர்களை எண்ணிப் பாருங்கள். ஆறு மாதம் மழையும் மூடுபனியும். இடி விழும் உயரம். மின்சாரம் நின்றால் உடனே டீசல் பொறியை இயக்க வேண்டும். எங்கள் ஊரில் படம் சற்றே நின்றாலும் மக்கள் அவர்களைத்தான் ஏசுவார்கள். படம் ஒழுங்காக வந்த நாளில் அவர்களை நினைத்தார் எவருமில்லை.

சிறப்பு என்றால் விருதும் விழாவும் மட்டுமல்ல. முதுமையில் உணவும் சிறப்பின் ஒரு பகுதியே. வானொலி, தொலைக்காட்சி நிலையங்களில் அறிவிப்பாளர், செய்தி வாசிப்போர், நாடகக் கலைஞர், நிலைய வித்துவான் முதலியோரை நெடுங்காலம் ‘ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்ட்’ என்னும் பெயரில் ஒப்பந்தத்தின் பேரில் அமர்த்தினார்கள். அதே கட்டடத்தில் எழுத்தராக இருந்தவருக்கு ஓய்வூதியம் உண்டு; நாடறிந்த குரலுக்கு உரியவருக்கு இல்லை. நெடுநாள் முறையீடுகளுக்குப் பின் 1982இல்தான் இவர்களை அரசு ஊழியராக ஏற்கும் ஆணை பிறந்தது. என் கருத்தில், இந்நாட்டில் ஒலிபரப்பாளர்களுக்குச் செய்யப்பட்ட மிகப் பெரிய மரியாதை அந்த ஆணைதான். எந்தப் பதக்கமும் அதற்கு ஈடாகாது. ஆயினும் நாட்கூலி போன்று, மாதத்தில் சில நாட்கள் மட்டும் அழைக்கப்படும் தற்காலிக அறிவிப்பாளர்கள் பலர் இருபது ஆண்டு பேசியும் அதே நிலையில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விருதுகள் வராமற் போகவில்லை. காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை வருணித்த மெல்வில் டி மெல்லோவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தில்லியிலிருந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமிக்குத் தமிழக அரசு கலைமாமணி விருது அளித்தது. ஆனால் அவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே. அவர் 2022 ஆகஸ்டில் மும்பையில் மறைந்தபோது, முகம் பாராத எத்தனையோ பேர் வீட்டாரை இழந்தவர் போல் வருந்தினார்கள். திருநெல்வேலி வானொலியில் வேளாண் நிகழ்ச்சிகளில் தொடங்கிச் சென்னையில் ‘இன்று ஒரு தகவல்’ சொல்லிப் புகழெய்திய தென்கச்சி கோ. சுவாமிநாதன் 2009இல் காலமானார். அவருடைய பேச்சுகள் நூல்களாக வெளிவந்தமையால் உங்கள் கைக்கும் எட்டுகின்றன. அவர் நற்பேறு பெற்றவர்.

ஏனெனில், தொலைக்காட்சியின் தொடக்க காலப் பணி பெரும்பாலும் அழிந்துவிட்டது. செய்திகள் நேரடியாக வாசிக்கப்பட்டன. பதிவு செய்து வைக்கும் வழக்கமில்லை. ஒளிப்பதிவு நாடா விலை மிகுந்த பொருளாதலால், ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் அதே நாடாவில் மற்றொன்றைப் பதிவு செய்தார்கள். இதற்காக நம்மவரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. லண்டன் பி.பி.சி.யும் இதையே செய்தது. 1969இல் நிலவில் மனிதன் நடந்த காட்சியின் மூல நாடாக்களே அழிக்கப்பட்டு மறுபடி பயன்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க விண்வெளி நிறுவனம் 2009இல் அறிவித்தது. நிலவுக்கே அந்தக் கதி என்றால் ‘வயலும் வாழ்வும்’ எம்மாத்திரம்? பொன்னாடை போர்த்துகிறோம், ஆனால் அவர் செய்த வேலையில் ஒரு மணி நேரத்தையேனும் காட்டச் சொன்னால் நம்மிடம் இல்லை.

சென்னைத் தொலைக்காட்சி பிற்காலத்தில் ‘பொதிகை’ என்று பெயர் பெற்றது. எங்கள் தென்மலையின் பெயராயிற்றே என்று மகிழ்ந்தோம். 2024 ஜனவரியில் அது ‘டிடி தமிழ்’ என்று மாற்றப்பட்டது. தனியார் தொலைக்காட்சிகளும் செயற்கைக்கோளும் வந்த பின் தரைவழி அலைபரப்பிகளின் தேவை குறைந்து, 2022க்குள் நாடெங்கும் பெரும்பாலானவை மூடப்பட்டன. அவற்றில் பணியாற்றிய பொறியாளர்கள் வேறிடம் மாற்றப்பட்டார்கள், அல்லது ஓய்வு பெற்றார்கள்.

அத்தகைய நிலையங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பணிப் பதிவேடு இருந்தது. இத்தனை மணிக்கு அலைபரப்பி இயக்கப்பட்டது, இத்தனை மணிக்கு மின்தடை, இத்தனை நிமிடத்தில் சீர் செய்யப்பட்டது என்று முறைப்பணியில் இருந்தவர் எழுதிக் கையொப்பமிடுவார். இந்திரா காந்தி மறைந்த 1984 அக்டோபர் 31 அன்றும், ஏனைய சாதாரண நாட்களிலும் யார் விழித்திருந்தார் என்பதற்கு அவையே சான்று. கட்டடங்கள் காலி செய்யப்படும்போது இத்தகைய ஏடுகள் பழைய தாளோடு எடைக்குப் போய்விடுவது நம் நாட்டு வழக்கம். எஞ்சியவற்றையேனும் மாவட்ட நூலகங்களுக்கு அனுப்பி வைத்தால், அந்தக் கையொப்பங்களைப் படித்துப் பெயர்களைத் திரட்டும் வேலையை எங்கள் ஊர்க் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிப்பார்கள்.